கோமாளியைக் கட்டிப்போட்டது குரலா? பஸ்டர் கீட்டனின் 1934ஆம் ஆண்டுப் படமும் வன்னியில் எழுந்த கேள்விகளும்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு சனசமூக நிலையத்தில், மண்டபச் சுவரோடு இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில், அண்மையில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் காட்டப்பட்டது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் கையோடு கொண்டுவந்த படம் அது. ‘லு ருவா தே ஷான்ஸெலிஸே’ என்பது பெயர். ‘ஷான்ஸெலிஸே வீதியின் அரசன்’ என்று தமிழில் சொல்லலாம். வெளியான ஆண்டு 1934. நாயகன் பஸ்டர் கீட்டன்.

வீட்டின் முன்சுவர் முழுவதுமாகச் சரிந்து விழ, திறந்திருந்த ஒரு சன்னல் தன்னைத் தாண்டிச் செல்லும்படி அசையாமல் நிற்பாரே, அந்த மனிதர்தான் இவர். கைத்தொலைபேசியில் அந்தத் துண்டுக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே வித்தையை எதிர்பார்த்துத்தான் சிறுவர்களும் பெரியவர்களும் வந்து அமர்ந்தார்கள். ஏறக்குறைய எழுபது நிமிடம் கழித்து எழுந்தபோது அவர்களிடம் சிரிப்பைவிடக் கேள்விகளே கூடுதலாக இருந்தன. “வாய் ஒன்று சொல்கிறது, சத்தம் வேறொன்று சொல்கிறதே தம்பி, படம் பழுதா?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். மற்றவர்கள் கேட்டவற்றையும் சேர்த்தால் நான்கு கேள்விகள் தேறும்:

1. கீட்டன் அமெரிக்கர். அவர் எப்படிப் பிரெஞ்சில் பேசுகிறார், வாயசைவு ஏன் ஒட்டவில்லை?
2. பேசும் படத்தில் ஏன் இவ்வளவு வெறுமையான அமைதி?
3. ஓடியும் விழுந்தும் சிரிக்கவைத்தவர் இதில் ஏன் இத்தனை நேரம் நின்று பேசுகிறார்?
4. சிரிக்காத முகத்துக்குப் பேர்போனவர் கடைசியில் ஏன் சிரிக்கிறார்?

நான்கும் நல்ல கேள்விகள். படம் பழுதில்லை. 1927க்கும் 1934க்கும் இடையில் சினிமா என்ற தொழிலே அடியோடு மாறியது. அந்த மாற்றத்தின் தழும்புகள்தான் இந்தப் படத்தில் தெரிகின்றன.

மேடையில் எறியப்பட்ட குழந்தை

கீட்டன் 1895இல் அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்தில், பிக்குவா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று மேடையேறிய கலைஞர்கள். நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே அவரும் மேடைக்கு வந்துவிட்டார். தந்தை மகனைத் தூக்கி மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எறிவார். எறிவதற்கு வசதியாகச் சிறுவனின் உடுப்பில் பெட்டியின் கைப்பிடி போன்ற ஒன்றைத் தைத்திருந்தார்கள். விழுந்த பிள்ளை சிரித்தால் சபை சிரிக்காது, முகத்தை இறுக்கி வைத்திருந்தால் சபை விழுந்து விழுந்து சிரிக்கும் என்பதை அந்த வயதிலேயே கீட்டன் கண்டுகொண்டார். சிரிக்காத முகம் அப்படித்தான் பிறந்தது.

1917இல் சினிமாவுக்கு வந்தார். 1920களில் தனக்கென ஒரு குழுவும் ஒரு ஸ்டுடியோவும் அவருக்கு இருந்தன. அங்கே எழுதிய திரைக்கதை என்று ஒன்று கிடையாது. கதையின் தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுப்பகுதியை எடுக்க எடுக்கக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஒரு வேடிக்கை சரியாக அமையாவிட்டால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் பேஸ்போல் விளையாடப் போவார்கள். விளையாட்டின் நடுவில் யாருக்காவது யோசனை வந்தால் மட்டையைப் போட்டுவிட்டுக் கமராவுக்குத் திரும்புவார்கள்.

1926ஆம் ஆண்டின் ‘த ஜெனரல்’ படத்தில் எரியும் பாலத்தின் மேல் வந்து ஆற்றில் விழுவது உண்மையான நீராவி இயந்திரம். 1928இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் அவர்மேல் சரிந்த முன்சுவரின் எடை ஏறக்குறைய இரண்டு தொன். தலைக்கும் தோளுக்கும் சன்னல் சட்டத்துக்கும் இடையில் இருந்த இடைவெளி மிகச் சிறியது. அந்தச் சுவருக்கு ஒத்திகை பார்க்க முடியாது. எப்போது விழவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் அசையாதிருக்கவேண்டும் என்ற கணக்கு முழுவதும் ஒருவர் கையில் இருந்தது.

வன்னியில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கூத்துக் களரியில் நிற்கும் கோமாளிக்கு ஏட்டில் உள்ளது சில வரிதான். சபை சிரித்தால் நீட்டுவான், அலுத்தால் சுருக்குவான். மத்தளக்காரர் அவன் கண்ணைப் பார்த்து அடிப்பார். நேரம் அவனுடையது. கீட்டனும் அப்படியான கலைஞர்தான்.

மௌனப் படம் மௌனமாக இருந்ததில்லை

ஊமைப்படம் என்ற சொல் பலரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. ஒலி இல்லாதது படச்சுருளில் மட்டுமே. அரங்கில் பியானோவோ வாத்தியக் குழுவோ இருந்தது. ஜப்பானில் ‘பென்ஷி’ எனப்பட்ட கதைசொல்லிகள் திரையருகே அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்திலும் திரையில் வரும் எழுத்துகளை உரக்கப் படித்து விளக்க ஆள் நின்றதுண்டு. படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கொட்டகையில் அவர் இல்லாமல் படம் ஓடாது.

சனசமூக நிலையத்தில் நடந்ததும் இதுவே. பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் படத்தைக் கொண்டுவந்தவர். அவர் துணியின் ஓரமாக நின்று ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பேசும் படம், நூறு ஆண்டுக்கு முந்தைய முறையில், கதைசொல்லியோடு ஓடியது.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். இன்று நாம் பார்க்கும் மௌனப் படங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை பின்னணி இசை சேர்த்திருக்கிறார்கள். தொடக்ககாலப் பேசும் படங்களிலோ, பேச்சோடு இசையைக் கலந்து பதிவது கடினமாக இருந்ததால் பேச்சுக்கு இடையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. பதிவுக் கருவியின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். ஆகவே மௌனப் படம் கலகலப்பாகவும் பேசும் படம் வெறிச்சென்றும் இருப்பதாக உணர்ந்தது யாருடைய காதின் குறையுமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நகைச்சுவைக்குப் பின் சில செக்கன் இடைவெளி விடுவது அக்கால வழக்கம். நிறைந்த கொட்டகையின் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கக் கூடாது என்பதற்காக. முப்பது பேர் அமர்ந்த மண்டபத்தில் அந்த இடைவெளி காலியாகக் கிடக்கிறது.

ஒலி படத்தில் ஏறிய விதம்

1927 ஒக்டோபரில் வார்னர் நிறுவனத்தின் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியானதைத்தான் பேசும் படக் காலத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அப்போது இரண்டு முறைகள் போட்டியிட்டன.

1. இசைத்தட்டு முறை. படம் ஒரு பக்கம் ஓட, ஒலி தனியே ஒரு பெரிய இசைத்தட்டில் சுழலும். தட்டின் விட்டம் 16 அங்குலம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் கூட. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஊசி ஒரு தடவை துள்ளினாலோ, அறுந்த படச்சுருளை ஒட்டும்போது சில சட்டகங்கள் (சுருளில் வரிசையாக இருக்கும் தனித்தனிப் படங்கள்) போனாலோ, அதன்பின் பெண்ணின் வாயில் ஆணின் குரல் வரும்.

2. படச்சுருளிலேயே ஒலி. ஒலியின் அலைகளை ஒளியாக மாற்றி, படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிவது. கொட்டகையில் ஒரு விளக்கு அந்தக் கோட்டை ஊடுருவும். மறுபுறமுள்ள ஒளிமின்கலம் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னோட்டமாக்கும். அது ஒலிபெருக்கிக்குப் போகும். படமும் ஒலியும் ஒரே சுருளில் இருப்பதால் பிரிந்துபோகும் ஆபத்து இல்லை. சில ஆண்டுகளில் இந்த முறையே நிலைத்தது. அந்தக் கோட்டுக்கு இடம் கொடுக்க, படத்தின் அகலத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் போனது.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் வேகத்தில் வந்தது. மௌனப் படக் கமராவைக் கையால் சுற்றினார்கள். செக்கனுக்கு 16 சட்டகமும் இருக்கலாம், 20ம் இருக்கலாம். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றிப் படமெடுத்தால் கொட்டகையில் ஓட்டம் விரைவாகத் தெரியும். நகைச்சுவைக் கலைஞர்களின் கைத்திறனில் இதுவும் ஒன்று. ஒலி வந்ததும் வேகம் செக்கனுக்கு 24 சட்டகம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி, என்று பூட்டப்பட்டது.

ஏன் பூட்டவேண்டும் என்பதை வன்னியில் எவருக்கும் நீட்டி விளக்கத் தேவையில்லை. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கசெற்றும் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். கை தளர்ந்தால் கசெற்றில் பாடுகிறவரின் குரல் தடித்து இழுபடும், வேகம் கூடினால் கீச்சிடும். கண் வேகமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், காது பொறுத்துக்கொள்ளாது. எனவே காதுக்காக எல்லாம் ஒரே வேகத்துக்குக் கட்டுப்பட்டன.

கோமாளி இழந்த முதல் பொருள் இதுதான். தன் காலத்தைச் சுருக்கவும் நீட்டவும் இருந்த கைப்பிடி போய்விட்டது.

கமரா அறைக்குள் போனது

ஒலிப்பதிவின் தொடக்க ஆண்டுகளில் படப்பிடிப்புத் தளத்தின் நிலைமை இது:

1. கமரா ஓடும்போது இரைந்தது. மைக் அந்த இரைச்சலையும் பிடித்தது. எனவே கமராவையும் அதை இயக்குபவரையும் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அடைப்புக்குள் விட்டு மூடினார்கள். உள்ளே காற்று இல்லை, தாங்க முடியாத வெக்கை. அடைப்போடு கமராவை நகர்த்துவது பெரும்பாடு.
2. மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கியது. அதைப் பூச்சாடிக்குள்ளும் மேசை விளக்குக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். நடிகர் பூச்சாடியை விட்டு விலகினால் குரல் தேயும்.
3. பழைய ஆர்க் விளக்குகள் ரீங்கரித்தன. அவற்றை நீக்கி வேறு விளக்குகள் பொருத்தவேண்டியிருந்தது.
4. தெரு, ஆறு, ரயில் பாதை எல்லாம் இரைச்சல் நிறைந்த இடங்கள். படம் ஸ்டுடியோவுக்குள் ஒதுங்கியது.

தொழில்நுட்பத்தார் சும்மா இருக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அடைப்பு போய்க் கமராவுக்கு ஒலி மறைக்கும் உறை வந்தது. மைக் நீண்ட கம்பில் ஏறி நடிகரின் தலைக்கு மேலே நகரத் தொடங்கியது. 1931 அளவில் பதிவின் பின்னிரைச்சலைக் குறைக்கும் முறையும் வந்துவிட்டது. 1934இல் கமரா நகரத் தடையில்லை. ஆனால் அடைப்புக் காலத்தில் பழகிய வேலைமுறை போகவில்லை. அறைக்குள் இரண்டு பேர் நிற்பார்கள், ஒருவர் பேசுவார், மற்றவர் காத்திருப்பார். ஷான்ஸெலிஸே படத்தின் பல காட்சிகளில் தெரிவது இந்தப் பழக்கந்தான்.

ஒரே படம், மூன்று மொழி

மௌனப் படத்துக்கு நாடு கிடையாது. எழுத்து அட்டையை மாற்றினால் எந்த ஊரிலும் ஓடும். ஒலி வந்ததும் அமெரிக்கப் படத்துக்கு ஐரோப்பாவின் கதவு பாதி மூடிக்கொண்டது. குரலை மாற்றிப் பதியும் நுட்பம் அப்போது பக்குவப்படவில்லை. எனவே ஒரே கதையை, ஒரே அரங்க அமைப்பில், பல மொழிகளில் தனித்தனியாக எடுத்தார்கள். 1930இல் பரமவுண்ட் நிறுவனம் பாரிஸுக்கு அருகே ஷுவான்வில் என்ற இடத்தில் இதையே பெருந்தொழிலாகச் செய்தது. ஒரு மொழிக் குழு தளத்தை விட்டு வெளியேற அடுத்த மொழிக் குழு உள்ளே வரும்.

கீட்டனைப் போன்ற முகத்துக்கு மாற்று ஆள் போட முடியாது. ஆகவே அவரே எல்லா மொழியிலும் பேசவேண்டியிருந்தது. அவர் முதன்முதலில் பேசி நடித்த முழுநீளப் படம் 1930இன் ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’. அதன் ஸ்பானியப் பதிப்பிலும் அவரே நடித்தார், பொருள் தெரியாத சொற்களை ஒலிப்பாக மனனம் செய்து. 1931இன் ‘பார்லர், பெட்ரூம் அண்ட் பாத்’ படத்துக்குப் பிரெஞ்சுப் பதிப்பும் ஜேர்மன் பதிப்பும் எடுக்கப்பட்டன. ஆங்கிலத்தில் விழுந்த அதே படிக்கட்டில் மற்ற மொழிகளுக்காகவும் விழவேண்டும். ஒரு தடவை மட்டுமே சரியாக விழக்கூடிய சுவரின் கீழ் நின்ற மனிதர் அவர்.

இதே மொழிக் குழப்பம் நம் சினிமாவின் தொட்டிலிலும் இருந்தது. 1931 ஒக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும் படம் என்று கொண்டாடப்படுகிறது. எச்.எம்.ரெட்டி இயக்கி, பம்பாயில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். நாயகி ஒரு மொழியில் கேட்க நாயகன் வேறு மொழியில் விடை சொன்னதைச் சென்னை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், திரை பேசியதே போதுமென்று. அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை. பிரெஞ்சுக் கோமாளிப் படம் ஒன்று கிளிநொச்சி வரை வந்துசேர்ந்திருக்கும்போது, நம் முதல் பேசும் படத்தை நாம் கேட்கவே முடியாதென்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அப்படியானால் குற்றவாளி யார்?

கீட்டனின் வீழ்ச்சி பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. ஒலி வந்தது, அவர் குரல் எடுபடவில்லை, வீழ்ந்தார் என்பார்கள். இது உண்மையில்லை. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே இது தெரியும்.

1. குரலில் குறையில்லை. கனத்த, கரகரப்பான, எங்கேயும் எடுபடும் குரல். மேடையிலேயே வளர்ந்தவருக்குப் பேச்சு புதிதுமில்லை.

2. ஒப்பந்தம் ஒலிக்கு முன் வந்தது. 1928இன் தொடக்கத்தில் அவர் தன் சொந்தக் குழுவை விட்டு மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தன் வாழ்க்கையின் ஆகப் பெரிய தவறென்று பின்னாளில் அவரே சொன்ன முடிவு அது. முதலில் பேசி நடித்த படத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே தன் நேரத்தை அவர் விற்றுவிட்டார். அங்கே அவர் எடுத்த முதல் படமான ‘த கமராமேன்’ மௌனப் படம், அருமையான படமும்கூட. ஆனால் அதற்குள்ளேயே எழுதிய கதை, அட்டவணை, மேற்பார்வையாளர் என்று எல்லாம் வந்துவிட்டன.

3. படங்கள் பணத்தில் தோற்கவில்லை. அவருடைய பேசும் படங்கள் பல, மௌனப் படங்களைவிட நன்றாக வசூலித்தன. இதுதான் துயரமான பகுதி. கணக்குப் புத்தகம் சரியாக இருந்ததால், கலைஞர் சொல்வதைக் கேட்கவேண்டிய தேவை நிறுவனத்துக்கு எழவில்லை.

4. அவர் ஒலியை எதிர்க்கவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசுவோம், செயல் தொடங்கியதும் நீண்ட நேரம் பேச்சில்லாமல் விடுவோம் என்பதே அவர் கேட்டது. கிடைத்ததோ சொல் விளையாட்டு நிறைந்த வசனங்கள். 1932, 1933 ஆண்டுகளில் ஓயாமல் பேசும் ஜிம்மி டுராண்டியோடு மூன்று படங்களில் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் பேசிக்கொண்டேயிருக்க மற்றவர் வாய்மூடி நிற்பதே அவற்றில் பல காட்சிகளின் வடிவம்.

5. உடலும் குடும்பமும் உடைந்தன. குடி கூடியது. 1932இல் மணமுறிவு. 1933இல் நிறுவனம் அவரை நீக்கியது.

மற்றவர்களைப் பார்த்தால் இன்னும் தெளியும். சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது; 1919இலேயே விநியோக நிறுவனம் ஒன்றைக் கூட்டாளிகளோடு நிறுவியிருந்தார். ஆகவே 1931இல் ஊரே பேசிக்கொண்டிருக்க, இசை மட்டும் சேர்த்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை அவரால் வெளியிட முடிந்தது. முழுக்கப் பேசியது 1940இல். லோரல்–ஹார்டி இணையோ பேசும் படத்தில்தான் ஓங்கி வளர்ந்தது. அவர்களுடைய சிறிய ஸ்டுடியோவில் வேடிக்கைகளை அமைக்கும் பொறுப்பு லோரலிடம் இருந்தது. நம் என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பனியில் தேறி 1930களின் நடுவில் சினிமாவுக்கு வந்தவர். தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே அமைத்துக்கொண்டார். பேச்சும் பாட்டுமே அவர் கருவிகளாயின.

மூவரும் ஒலிக்கு மூன்று விதமாக முகங்கொடுத்தவர்கள். மூவர் கையிலும் தங்கள் நேரம் இருந்தது, கீட்டன் கையில் இல்லை. மைக் அவரைக் கட்டிப்போடவில்லை. மைக்கைச் சாட்டாக வைத்து வந்த தொழிற்சாலை ஒழுங்குதான் கட்டிப்போட்டது.

பாரிஸ், 1934

வேலை இழந்த கீட்டனைப் பாரிஸுக்கு அழைத்தவர்களும் வேரறுந்தவர்களே. தயாரித்தது நீரோ ஃபிலிம் நிறுவனத்தின் சீமோர் நெபன்சால். ஜேர்மனியில் 1931இல் ‘எம்’ என்ற பெரும் படத்தைத் தயாரித்தவர். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் யூதரான அவர் பாரிஸுக்குத் தப்பிவந்தார். இயக்குநர் மாக்ஸ் நொசெக்கும் அதே ஆண்டு ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர். இடம்பெயர்ந்து வந்து, தெரியாத மொழியில், இருப்பதை வைத்துத் தொழிலைத் தொடங்குவது எப்படியிருக்கும் என்று வன்னி மண்ணுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. படத்தின் அவசரத்தையும் ஒட்டுப்போட்ட தன்மையையும் மதிப்பிடும்போது இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

கதை சிறியது. விளம்பரத்துக்காகத் தெருவில் போலிப் பணத்தாள் வீசும் வேலைக்குப் போகும் அப்பாவி, உண்மையான நோட்டுகளை வீசிவிடுகிறான். அவன் தாய் நாடக அரங்கில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர், நம் கூத்தில் ஏடு பார்த்துச் சொல்பவரைப் போல. அவர் வழியாக அவனுக்கு மேடையில் ஒரு சிறு வேடம் கிடைக்கிறது. இதற்கிடையில் சிறையிலிருந்து தப்பிய கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் அச்சாக அவனைப்போலவே இருக்கிறான். இரண்டு வேடமும் கீட்டனுக்கே.

முதல் கேள்விக்கு விடை இங்கே. 1934 அளவில் பல பதிப்பு எடுக்கும் முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. செலவு தாங்கவில்லை, குரல் மாற்றிப் பதிவதும் தேறிவிட்டது. கீட்டன் நடித்தார், பிரெஞ்சு நடிகர் ஒருவர் குரல் கொடுத்தார். பெரியம்மா கண்டது சரி: வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. தொலைக்காட்சியில் மொழிமாற்றுத் தொடர் பார்க்கிறவர்களுக்கு இன்று இது பழகிய ஒட்டாமை. தன் குரலே இல்லாத ஒரு பேசும் படத்தில் கீட்டன் மீண்டும் ஏறக்குறைய ஊமைப்பட நடிகரானார். அவர் உடல் பேசவேண்டியிருந்தது. மெட்ரோவில் எடுத்த கடைசிப் படங்களைவிட இந்தப் படத்தில் அவரை நான் அதிகம் காண்பதற்கு அதுவே காரணம்.

படம் அந்நாளில் அமெரிக்காவில் வெளியிடப்படவில்லை. அதனால்தான் கீட்டனைத் தலைகீழாய்ப் படித்தவர்களில்கூடப் பலர் இதைப் பார்த்ததில்லை.

பிரதி மங்கலாக இருப்பதற்கும் ஒரு சொல். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. எளிதில் தீப்பற்றும், வைத்திருந்தால் கசிந்து பொடியாகும். 1950களின் தொடக்கத்தில்தான் அது வழக்கொழிந்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்று தவிர மற்றவை ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தன. மங்கலாகவேனும் மிஞ்சிய எதுவும் தப்பிப் பிழைத்ததே.

இன்னொரு தடவை பார்ப்பவர்களுக்கு

1. தனியே பார்க்கவேண்டாம். ஆள் சேர்த்துப் பார்த்தால் இடைவெளிகள் நிரம்பும்.
2. மொழிபெயர்ப்பவர் வசனங்களில் பாதியை விட்டுவிடலாம். மேடைக் காட்சியிலும் கொள்ளைக் கூட்டத்தின் இருப்பிடத்தில் நடக்கும் ஓட்டத்திலும் வாய் திறக்காமலே இருக்கலாம்.
3. இரட்டை வேடத்தில் முகத்தைவிட நடையைப் பாருங்கள். கொள்ளைத் தலைவனின் உடல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அப்பாவியின் உடல் எங்கும் ஒதுங்கப் பார்க்கிறது. ஒரே மனிதர் தோளை மட்டும் மாற்றி இதைச் செய்கிறார்.

இனி அந்தக் கடைசிச் சிரிப்பு. முத்தம் கிடைத்ததும் கீட்டனின் முகம் முழுவதும் மலர்கிறது. இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அவர் தன் விதியைத் தானே மீறினார் என்று குறைகூறுகிறவர்கள் உண்டு. ஆனால் 1917இல் நகைச்சுவை நடிகர் ரொஸ்கோ ஆர்பக்கிளுடன் நடித்த குறும்படங்களில் அவர் தாராளமாகச் சிரிக்கிறார். சிரிக்காமை அவர் எடுத்த நோன்பில்லை, மேடையில் கற்ற ஒரு வேலைக் கருவி. எங்கே எடுக்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தப் படத்தில் அதே முகத்தோடு இறுகித் திரியும் கொள்ளைக்காரன் ஒருவனும் இருக்கிறான். இரண்டு பேரில் அப்பாவி யார் என்பதைக் கடைசியாக ஒரு தடவை காட்ட, அவனால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யவேண்டும். அந்தச் சிரிப்பு அதற்காக வந்ததென்றே நான் கருதுகிறேன்.

சனசமூக நிலையத்தில் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பவர் எதுவும் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்த சிறுவர்கள் அதுவரை பார்க்காததைப் பார்த்தவர்களாய் ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் சத்தமாகச் சிரித்தார்.